எஸ்டிமேட்டில் தண்ணீருக்கு என்ன வழி?

பழைய வீட்டுக்கு வெளிவேலை பார்க்க மூன்று பேரிடம் எஸ்டிமேட் வாங்கினால், நம் கண் முதலில் போவது கடைசி வரிக்குத்தான். யார் குறைச்சல், யார் கூடுதல், நடுவில் இருப்பவர் யார். அந்த நடு ஆளைக் கூப்பிட்டு, "கொஞ்சம் பார்த்துப் போடுங்கண்ணே" என்று பேசி, முன்பணம் கொடுத்து முடித்துவிடுவோம். எங்கள் போடியில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. டைல்ஸ் ஒட்டவும் பெயிண்ட் அடிக்கவும் இந்த வழி ஓரளவு சரிப்படும். செய்த வேலை முழுக்கக் கண் முன்னால் இருக்கிறது, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். காம்பவுண்டுச் சுவர், மண்ணைத் தாங்கும் சுவர், முற்றத்துத் தளம், வடிகால் என்று வந்துவிட்டால் பாதிப் பணம் மண்ணுக்குள் போய் மறைந்துவிடுகிறது. அந்த மறைந்த பாதிதான் வீட்டைக் காப்பாற்றுகிறது. அதனால் வெளிவேலை எஸ்டிமேட்டை நான் ஒரே கேள்வியோடுதான் படிக்கிறேன்: மழைத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று இதை எழுதியவர் யோசித்திருக்கிறாரா? தொகையை அதற்குப் பிறகுதான் பார்க்கிறேன்.

போடிக்கு இந்தக் கேள்வி ரொம்பவும் பொருந்தும். மேற்கேயும் வடக்கேயும் மலை. குரங்கணிப் பக்கமிருந்து கொட்டகுடி ஆறு இறங்கி வருகிறது. ஊரே மேற்கிலிருந்து கிழக்கே சாய்ந்த தரைதான். ஐப்பசி, கார்த்திகையில் பருவமழை, சித்திரையில் இடியோடு கோடைமழை, ஆடியில் மலை தாண்டி வரும் சாரல். கோடைமழை அரை மணி நேரம் பெய்தாலும் கொட்டித் தீர்த்துவிடும். அந்தத் தண்ணீர் நின்று யோசிக்காது, சரிவில் எது குறுக்கே நிற்கிறதோ அதைத் தள்ளும்.

எங்கள் வீடு தாத்தா காலத்தில், 1950களின் கடைசியில் கட்டியது. முந்தல் போகும் சாலைப் பக்கம், ஊரின் மேற்கு ஓரம். செங்கல்லும் சுண்ணாம்பும், மேலே மங்களூர் ஓடு. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தென்னந்தோப்பு எங்கள் முற்றத்தைவிட ஆறடி உயரம். இரண்டுக்கும் நடுவில் அறுபதடி நீளத்துக்குக் கருங்கல் சுவர். மண் சாந்தில் கட்டியது. சில வருஷமாக நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. முன்பக்கக் காம்பவுண்டில் விரிசல். முற்றத்தில் மழை பெய்தால் அடுப்படிச் சுவரோரம் தண்ணீர் தேங்குகிறது. இத்தனையையும் சேர்த்து ஒரே வேலையாகச் செய்துவிடலாம் என்றுதான் ஆள் கூப்பிட்டோம்.

முதலில் வந்தவர் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். பின்சுவர் 60 அடி, முன் காம்பவுண்டு, முற்றம் பேவர் பிளாக், டிரெய்னேஜ், மொத்தம் 2,90,000, மெட்டீரியலோடு. அவ்வளவுதான். அடுத்து ஓர் எஞ்சினியர். டேப், லெவல் பார்க்கும் கருவியோடு வந்தார், நான்கு நாள் கழித்து டைப் அடித்த தாள்கள் வந்தன. 5,40,000. மூன்றாவதாக வந்தவர் வயதான மேஸ்திரி, மலையில் எஸ்டேட் வேலையெல்லாம் பார்த்தவர். டேப்பை எடுக்கவேயில்லை. "தம்பி, ஒரு வாளி தண்ணி கொண்டாங்க" என்றார். துவைக்கிற கல்லுக்கு மேல்பக்கம், முற்றத்தின் உயர்ந்த இடத்தில் நின்று மெதுவாக ஊற்றினார். தண்ணீர் நேராகத் தெருப் பக்கம் போகும் என்று நாங்கள் எல்லோரும் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தோம். அது பாதி வழி போய், வலது பக்கம் திரும்பி, அடுப்படிச் சுவரின் அடியில் போய் நின்றது. நின்ற இடத்தில் மண் உறிஞ்சுவது தெரிந்தது.

"இதுக்கு ஒரு வழி சொல்லாம நான் எதுக்கு ரேட்டுச் சொல்றது?"

பிறகு கடப்பாரை வாங்கி, வயிறு தள்ளிய சுவரின் அடியில் ஒரு குழி போட்டார். ஒன்றரை அடியிலேயே அஸ்திவாரக் கல் முடிந்துவிட்டது. கீழே வெறும் செம்மண், கையில் எடுத்துப் பிசைந்தால் ஒட்டுகிற ஈரத்தில். மழை நின்று பல வாரம் ஆகியிருந்தது. தோப்புக்குப் பாய்ச்சுகிற தண்ணீரும் சேர்ந்து சுவருக்குப் பின்னால் ஊறிக்கொண்டே இருக்கிறது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அந்தக் குழியைப் பார்த்த பிறகுதான் அவர் நோட்டில் கணக்குப் போட்டார். 4,30,000.

மூன்று தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று தெளிவாயிற்று. மூன்று பேரும் மூன்று வேறு சுவருக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். முதலாமவர் நினைத்தது ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். எஞ்சினியர் கணக்கிட்டது மேலே ஒன்றரை அடி, அடியில் மூன்றரை அடி அகலம் கொண்ட கருங்கல் சுவர், சிமெண்ட் சாந்து, இரண்டரை அடி ஆழ அஸ்திவாரம். மேஸ்திரி சொன்னதும் கிட்டத்தட்ட அதே சுவர்தான். பழைய சுவரைப் பிரித்தால் கிடைக்கும் கல்லையே திரும்பப் பயன்படுத்துவதாகச் சொன்னதால் ஒரு லட்சத்துக்கு மேல் குறைந்தது. ஆக, 2,90,000 மலிவு என்று சொல்லவே முடியாது. அது வேறு பொருள். ஆறடி மண்ணை ஒன்பது அங்குலச் செங்கல் தாங்கவே தாங்காது.

இதை நான் சும்மா பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆறடி உயர மண், ஈரமில்லாத நல்ல நிலையில் இருக்கும்போதே, சுவரின் ஒவ்வோர் அடி நீளத்திலும் ஏறக்குறைய 300 கிலோ பக்கவாட்டில் தள்ளுகிறது. அதே மண்ணில் தண்ணீர் ஊறி, வெளியே போக வழியில்லாமல் நின்றால் தள்ளல் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். உயரக் கணக்கு இன்னும் முக்கியம். சுவரின் உயரம் இரட்டிப்பானால் தள்ளும் பாரம் நான்கு மடங்கு, கவிழ்க்கும் திறன் எட்டு மடங்கு. நாலடிச் சுவருக்கு ரேட் சொன்ன ஒருவர், எட்டடிச் சுவருக்கு "ரன்னிங் அடி இவ்வளவு, உயரம் ரெண்டு மடங்கு, அதனால ரேட்டும் ரெண்டு மடங்கு" என்று சொன்னால், அவருக்கு மண்ணைப் பற்றித் தெரியவில்லை என்று அர்த்தம். மண்ணைத் தாங்கும் சுவருக்குச் சதுர அடி ரேட் என்பதே பொருந்தாது. கன அடியில்தான் பேச வேண்டும். எவ்வளவு கல், எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம்.

2019 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை, மேட்டுப்பாளையம் பக்கம் நடூரில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டின் காம்பவுண்டாக நின்ற சுமார் இருபதடி உயரக் கருங்கல் சுவர் தொடர்மழையில் பக்கத்து வீடுகளின் மேல் சரிந்தது. தூக்கத்திலேயே 17 பேர் போய்விட்டார்கள், அதில் பிள்ளைகளும் உண்டு. இறந்தவர்கள் எல்லோரும் தலித் குடும்பத்தினர். அந்தச் சுவரை அங்கே நிறுத்தியதில் சாதியும் இருக்கிறது, அதை மறைத்துப் பேசக் கூடாது. சுவர் கட்ட ஆள் கூப்பிடும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பொறுப்பும் இருக்கிறது. என் சுவர் விழுந்தால் அது யார் மேல் விழும்? எங்கள் பின்சுவர் விழுந்தால் எங்கள் மேல்தான். ஆனால் எங்கள் கிழக்குப் பக்கக் காம்பவுண்டை ஒட்டி, எங்களைவிட மூன்றடி தாழ்வில், ஒரு குடும்பம் ஓட்டுச் சாய்ப்பு போட்டுக் குடியிருக்கிறது. அந்தப் பக்கத்துச் சுவரைப் பற்றி மூன்று எஸ்டிமேட்டிலும் ஒரு வரிகூட இல்லை. நாங்களாகக் கேட்டுத்தான் சேர்த்தோம்.

சுவருக்கு அகலம் இருந்தால் மட்டும் போதாது, தண்ணீர் வெளியே வர வழி வேண்டும். வீப் ஹோல் என்று மேஸ்திரிகள் சொல்வது இதைத்தான். நாலு அங்குலப் பிவிசி குழாய், ஐந்தடிக்கு ஒன்று, வரிசை மாற்றி, வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக. குழாய் வைத்ததோடு வேலை முடிந்துவிடாது. அதற்குப் பின்னால் நேராக மண் இருந்தால் இரண்டு மழையில் அடைத்துக்கொள்ளும். சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு ஜல்லி போட்டு, மண் உள்ளே வராமல் வடிதுணி போட வேண்டும். எஞ்சினியர் எஸ்டிமேட்டில் வீப் ஹோல் இருந்தது, ஜல்லி இல்லை. மேஸ்திரி நோட்டில் "பின்னால் 40 எம்எம் ஜல்லி 3 யூனிட்" என்று தனியாக ஒரு வரி இருந்தது. முதல் எஸ்டிமேட்டில் இரண்டுமே இல்லை. மூன்றையும் ஒப்பிட எனக்கு அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது.

பழைய வீடு என்றால் இன்னொரு விஷயம் உண்டு. புது மனையில் எங்கே வேண்டுமானாலும் தோண்டலாம். பழைய வீட்டை ஒட்டி வானம் தோண்டும்போது பழைய அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் தோண்டினால், அந்த வீட்டின் காலடி மண்ணையே உருவி எடுப்பது போல் ஆகிவிடும். எங்கள் அடுப்படிச் சுவரை ஒட்டித்தான் புது வடிகால் போக வேண்டும். ஜேசிபி வைத்து ஒரே நாளில் முழு நீளத்தையும் தோண்டித் தருவதாக ஒருவர் சொன்னார். வேகமாக முடியும், உண்மைதான். ஆனால் பழைய அஸ்திவாரத்துக்குக் கீழே போகிற எந்தக் குழியையும் ஒரே மூச்சில் திறக்கக் கூடாது. ஐந்தடி தோண்டி, கட்டி, மூடி, அடுத்த ஐந்தடியை விட்டு அதற்கடுத்ததைத் தோண்டுவது என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். ஆள்வேலை அதிகம், நாளும் அதிகம். அதற்கான காசு எஸ்டிமேட்டில் இல்லையென்றால், அப்படிச் செய்யப் போவதில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். செப்டிக் டேங்குக்குக் குழி எடுக்கும்போதும், மழைநீர்க் குழி எடுக்கும்போதும் இதே கவனம். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அது நல்ல சட்டம். ஆனால் சுண்ணாம்புச் சாந்தில் நிற்கிற சுவரின் அடியிலேயே அந்தக் குழியை வைப்பது சட்டத்தின் குற்றம் இல்லை, இடம் பார்க்காத மேஸ்திரியின் குற்றம்.

அடுத்து மட்டம். இதில்தான் பழைய வீடுகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. தாத்தா கட்டியபோது தெருவிலிருந்து நான்கு படி ஏறித் திண்ணைக்கு வர வேண்டும் என்று அப்பா சொல்வார். இப்போது இரண்டு படிதான் மிச்சம். தெருவுக்கு மேல் தெரு போட்டுப் போட்டு உயர்ந்துவிட்டது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அதிகாரிகளுக்கு உத்தரவு அனுப்பினார். அது எல்லாத் தெருவுக்கும் வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. தெரு நம் கையில் இல்லை, முற்றம் நம் கையில் இருக்கிறது. பேவர் பிளாக் எஸ்டிமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் கிராவல் நாலு அங்குலம், மேலே மணல் ஒன்றரை அங்குலம், அதற்கு மேல் 80 மில்லிமீட்டர் பிளாக். மொத்தம் ஏறக்குறைய முக்கால் அடி. அந்த அளவுக்கு மண்ணை வெட்டி எடுத்துக் கொட்டுவதற்கு எஸ்டிமேட்டில் தொகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முற்றம் முக்கால் அடி உயரப் போகிறது. வீட்டுச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சு மண்ணுக்குள் போய்விடும், ஈரம் ஏறும், முதல் மழையிலேயே வாசற்படி வழியாகத் தண்ணீர் எட்டிப் பார்க்கும். முதல் எஸ்டிமேட்டில் மண் வெட்டுக் கணக்கு கிடையாது. எஞ்சினியருடையதில் இருந்தது, தரை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதும் எழுதியிருந்தது. பத்தடிக்கு இரண்டு அங்குலம், தெருப் பக்கமாக.

பிளாக் கனமும் இங்கே பேச வேண்டும். நடக்கவும் டூவீலர் நிறுத்தவும் 60 மில்லிமீட்டர் போதும். ஏலக்காய் மூட்டை ஏற்றிய பிக்கப் வந்து திரும்பும் முற்றம் என்றால் 80. "பேவர் பிளாக்" என்று மட்டும் எழுதியிருந்தால் 60தான் வரும்.

வெளிப்பூச்சு பற்றி மேஸ்திரிக்கும் எஞ்சினியருக்கும் நடந்த பேச்சு எனக்கு மறக்காது. எஞ்சினியர், சுவரின் அடிப்பகுதியில் மூன்றடி உயரத்துக்குப் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தியெடுத்து 1:4 சிமெண்ட் பூச்சு போடச் சொல்லியிருந்தார். மேஸ்திரி, "சார், பழைய சுவரு மூச்சு விடணும். சிமெண்டைப் போட்டு அமுக்கினீங்கன்னா ஈரம் உள்ள மேல ஏறும்" என்றார். அவர் சொன்னது சரி. சுண்ணாம்புச் சுவர் மண்ணிலிருந்து கொஞ்சம் ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டால் ஈரம் பூச்சுக்கு மேலே தாவி, முன்பு உலர்ந்திருந்த இடத்தில் உப்புப் பூத்து உதிரும். எஞ்சினியர் ஒத்துக்கொண்டு அந்த வரியை அடித்துவிட்டு, சுண்ணாம்புப் பூச்சு என்று மாற்றி எழுதினார். பெரிய படிப்புப் படித்தவர் அப்படி உடனே மாற்றிக்கொண்டது எனக்கு ரொம்பப் பிடித்தது.

இனி அளவுகள். இதைக் கணக்குப் போட எஞ்சினியர் வேண்டாம், பள்ளிக்கூடப் பெருக்கல் போதும். நாற்பதடி நீளம், ஐந்தடி உயரம், ஒன்பது அங்குல கனத்தில் ஒரு காம்பவுண்டு என்றால் 40 × 5 × 0.75, அதாவது 150 கன அடி. சாந்தோடு சேர்த்து ஒன்பது, நாலரை, மூன்று அங்குலம் வரும் செங்கலானால் கன அடிக்குப் பதினான்கு கல். ஆக 2,100. உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 2,200. யாராவது 3,000 என்று எழுதியிருந்தால் சண்டை போட வேண்டாம், கல்லின் அளவைக் கேளுங்கள். சூளைக்குச் சூளை அளவு மாறும், சின்னக் கல்லானால் எண்ணிக்கை கூடுவது நியாயம்தான். எம்-சாண்ட், ஜல்லி எல்லாம் யூனிட் கணக்கு. ஒரு யூனிட் 100 கன அடி. டிப்பரின் உள் அளவு பத்தடிக்கு ஆறடி என்றால், மணல் 3 அடி 4 அங்குல உயரம் நிரம்பி இருந்தால்தான் இரண்டு யூனிட். கொட்டுவதற்கு முன்னால் வண்டி மேல் ஏறி டேப் பிடித்துப் பாருங்கள். கொட்டிய பிறகு யாராலும் அளக்க முடியாது.

விலை எந்தத் தேதியில் சொன்னது என்பதும் முக்கியம். 2025 ஏப்ரலில் குவாரி, கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், எம்-சாண்ட் விலை அந்த ஒரு மாதத்திலேயே ஏறி இறங்கியது. அதே வருஷம் செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்தது. அதற்கு முன்னால் போட்ட எஸ்டிமேட்டைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தால் சிமெண்ட் வரியை மட்டுமாவது திருத்தச் சொல்லலாம்.

எங்கள் ஊரில் இன்னொரு விலைச் சக்கரமும் உண்டு, ஏலக்காய். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. காய் விலை நன்றாக இருக்கிற வருஷம் ஊரில் எல்லோருக்கும் வீட்டு வேலை செய்யத் தோன்றும், நல்ல கொத்தனார் கிடைக்க மாட்டார். காய் எடுக்கும் சீசனில் விடியற்காலையே ஜீப் ஜீப்பாகப் பெண்கள் மலையேறிவிடுவதால் சித்தாளுக்கும் தட்டுப்பாடு. அந்த மாதங்களில் போட்ட எஸ்டிமேட்டில் ஆள்கூலி கூடத்தான் இருக்கும். தை பிறந்த பிறகு கேட்டால் அதே மேஸ்திரி அமைதியாக உட்கார்ந்து பேசுவார். வெளிவேலைக்குத் தை, மாசி, பங்குனிதான் நல்ல காலம். ஐப்பசியில் சுவரைப் பிரித்துப் போட்டுவிட்டுக் காத்திருப்பது ஆபத்து. எங்கள் மூன்று எஸ்டிமேட்டில் இரண்டில் எப்போது தொடங்கி எப்போது முடிப்போம் என்பதே இல்லை.

தண்ணீர் விடுவது, அதாவது க்யூரிங், யார் பொறுப்பு என்றும் எழுதி வாங்க வேண்டும். இப்போது கடையில் கிடைக்கும் சிமெண்ட் பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி வகை. அதற்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும் என்று இந்தியத் தர விதி சொல்கிறது. குழாய்த் தண்ணீர் தினம் வராத தெருவில், லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தச் செலவு யாருடையது? இது சின்ன விஷயமாகத் தெரியும். மூன்றாம் நாளே காய்ந்து போன சாந்தை நகத்தால் சுரண்டினால் மணலாக உதிரும். பக்கத்துத் தெருவில் அப்படி ஒரு சுவரைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

மலைச் சரிவில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறைப் பக்கம் எங்கள் மாமாவுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம். அங்கே காய் உலர்த்தும் பழைய ஸ்டோரும் அதை ஒட்டிச் சின்ன வீடும் இருக்கின்றன. ஜீப் திரும்ப இடம் போதவில்லை என்று வீட்டின் பின்கரையைப் பத்தடி வெட்டி முற்றத்தை அகலமாக்க ஆள் கேட்டார். வந்த எஸ்டிமேட், ஜேசிபி மணிக்கு இவ்வளவு, மொத்தம் எட்டு மணி நேரம். ஒரே வரி. மாமா சந்தோஷமாக, "மாப்ள, ஒரே நாள் வேலையாம்" என்று போனில் சொன்னார்.

அந்த ஒரு வரியில் இல்லாதவற்றைக் கேட்டோம். வெட்டிய கரை செங்குத்தாக நிற்குமா, படிப்படியாகவா? மேலிருந்து வரும் தண்ணீரைக் கரையின் தலையிலேயே மறித்துப் பக்கவாட்டில் கொண்டுபோக வாய்க்கால் உண்டா? வெட்டிய மண் எங்கே போகும்? கடைசிக் கேள்விக்கு வந்த பதில்: "அப்படியே கீழ்ச் சரிவுல தள்ளிரலாம்." அந்தக் கீழ்ச் சரிவில்தான் இன்னொருவருடைய செடிகளும், அதற்குக் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயமும் இருக்கின்றன. மலையின் காலை வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பாதையிலேயே சாட்சி இருக்கிறது. மூணாறுக்கும் பூப்பாறைக்கும் நடுவில் கேப் ரோடு. தேசிய நெடுஞ்சாலை 85ஐ அகலப்படுத்தப் பாறையை வெட்டிய பிறகு 2019லும் 2020லும் திரும்பத் திரும்பச் சரிந்தது, உயிரும் போனது. அரசாங்கமே அத்தனை எஞ்சினியர்களோடு வெட்டிய இடத்தில் அப்படி என்றால், மணிக்கணக்கு ஜேசிபியை நம்பி வீட்டின் பின்கரையில் கை வைக்கலாமா?

மலையில் பழைய ஆட்கள் போட்ட கல்கட்டுகளைப் பார்த்தால் இதற்கு விடை தெரியும். சாந்தே இல்லாமல், தோட்டத்தில் கிடைத்த கல்லை வைத்து, பின்பக்கம் சாய்த்து, மூன்றடி நாலடி உயரத்துக்கு மேல் போகாமல், ஒன்றன் பின் ஒன்றாகப் படியாகக் கட்டியிருப்பார்கள். கல்லுக்குக் கல் இடைவெளியே தண்ணீருக்கு வழி. பல கல்கட்டுகள் எத்தனையோ ஆடி மழையைத் தாண்டி நிற்கின்றன. மாமா கடைசியில் பத்தடி வெட்டும் யோசனையை விட்டார். முன்பக்கத்தில் மூன்றடி உயரத்துக்கு இரண்டு படியாகக் கல்கட்டு போட்டு ஜீப்புக்கு இடம் எடுத்துக்கொண்டார். நாள் அதிகம் ஆயிற்று, பணம் பெரிதாகக் கூடவில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். ஏலமலைக் காட்டு நிலம் ஏல விவசாயத்துக்கென்று குத்தகையில் வந்தது, அங்கே கட்டட வேலைக்குக் கட்டுப்பாடு உண்டு. நம் பக்கத்து மலைக் கிராமங்களிலும் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணைய வரம்பில் வரும் இடங்களுக்கு அனுமதி வேண்டும். "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்று எஸ்டிமேட் கொடுப்பவர் சொன்னால், எதைப் பார்த்துக்கொள்வார், அதற்கு எவ்வளவு, ரசீது உண்டா என்று எழுதி வாங்குங்கள்.

வெளியூரிலிருந்து வாட்ஸ்அப் போட்டோ பார்த்தே வேலையை முடிவு செய்பவர்கள் எங்கள் தெருவில் நிறைய. 2023 ஜூன் 15லிருந்து சென்னை சென்ட்ரலுக்கும் போடிக்கும் வாரம் மூன்று நாள் நேரடி ரயில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு தடவை வந்து, பெய்யும்போது முற்றத்தில் குடை பிடித்து நின்று பாருங்கள். எந்தப் போட்டோவும் அதைக் காட்டாது.

பணம் கொடுக்கும் முறையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், மற்றதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். முன்பணம் பத்துச் சதவீதத்துக்கு மேல் வேண்டாம். அதன் பிறகு அஸ்திவாரம் மூடுவதற்கு முன்னால் நாம் பார்த்து அளந்த பிறகு ஒரு பகுதி, சுவர் பாதி உயரம் வந்து பின்னால் ஜல்லி போட்ட பிறகு ஒரு பகுதி. கடைசியில் கொஞ்சம், ஒரு பருவமழை தாண்டும் வரை நிறுத்தி வைக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். நேர்மையான மேஸ்திரி இதற்குக் கோபப்பட மாட்டார், தன் வேலை மேல் அவருக்கு நம்பிக்கை இருக்கும். பழைய கல், செங்கல், கதவுச் சட்டம் யாருக்கு என்றும் எழுத வேண்டும். தாத்தா காலத்துக் கருங்கல் இன்று வாங்கினால் என்ன விலை என்று விசாரித்துப் பாருங்கள். இடிபாட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, எத்தனை டிராக்டர், அதுவும் எழுத்தில். எஸ்டிமேட்டில் இல்லாத வேலை வந்தால் எந்த ரேட்டில் என்பதற்கும் ஒரு வரி.

நாங்கள் கடைசியில் மூத்த மேஸ்திரியிடம் வேலையைக் கொடுத்தோம். எஞ்சினியரிடம் தனியாகக் கட்டணம் கொடுத்து, மட்டமும் அஸ்திவார அகலமும் போட்ட ஒரு வரைபடம் வாங்கிக்கொண்டோம். இருவரும் ஒரு சாயங்காலம் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து வரைபடத்தை வரி வரியாகப் பேசி முடித்தார்கள். கிழக்குப் பக்கச் சுவரும், அதற்கு வீப் ஹோலும், தண்ணீர் கீழ்வீட்டுக்குள் போகாமல் திருப்பிவிடும் சின்ன வாய்க்காலும் சேர்ந்ததில் தொகை 4,85,000 ஆயிற்று. கையில் அவ்வளவு இல்லை. அதனால் பேவர் பிளாக்கை எடுத்துவிட்டோம். முற்றத்து மண்ணை வெட்டி மட்டம் சரிபார்த்து, சாய்வு கொடுத்து, சரளை மட்டும் போட்டிருக்கிறது. பிளாக் அடுத்த தைக்குப் போட்டுக்கொள்ளலாம். மிச்சப்பட்ட பணம் பின்சுவரின் ஜல்லிக்கும், ஐந்தடி ஐந்தடியாகத் தோண்டிய ஆள்கூலிக்கும் போயிருக்கிறது.